ஒரு டம்ளர் தண்ணீருக்குள் ஒரு கோடி உயிர்! தெரியுமா?

ஏனுங்க, காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் சிறுவாணித் தண்ணீர் குடித்தீர்களா? அதற்குள் எத்தனை உயிர்கள் இருந்திருக்கும் தெரியுமா? பத்தா, நூறா, ஆயிரமா? கூட்டிக்கொண்டே போங்கள். சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ல் சொன்ன கணக்கு இது: நன்றாகச் சுத்திகரித்த குழாய்த் தண்ணீரில்கூட ஒரு டம்ளருக்கு ஒரு கோடி பாக்டீரியாக்கள்! கோவை மாநகரின் மக்கள்தொகையைவிடப் பல மடங்கு கூட்டத்தை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறோம்.

பதற வேண்டாம். அந்த ஒரு கோடியில் ஏறக்குறைய எல்லாமே யாருக்கும் தீங்கு செய்யாத நீர்வாழ் உயிர்கள். அப்படியானால் கெட்ட தண்ணீர் எது? நம் நாட்டின் குடிநீர்த் தரவிதி ஐ.எஸ். 10500 சொல்வதைக் கேளுங்கள். 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை என்ற வகை பாக்டீரியா ஒன்றுகூடத் தென்படக் கூடாது. ஒரு கோடி இருக்கலாம், இந்த ஒன்று இருக்கக் கூடாது! ஏன் இத்தனை கண்டிப்பு? ஈ.கோலை வசிக்கும் இடம் மனிதன், மாடு போன்ற வெப்ப ரத்த உயிர்களின் குடல். அது தண்ணீரில் இருந்தால், எங்கோ மலம் கலந்திருக்கிறது என்று பொருள். ஈ.கோலையில் பெரும்பாலானவை நோய் தருவதில்லை. ஆனால் அது வந்த வழியிலேயே காலராவும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வரும். அது வீட்டுக்குள் புகுந்த திருடன் இல்லை, கதவு திறந்து கிடக்கிறது என்று சொல்லும் அடையாளம்.

கோவையைப் பற்றிப் பேசினால் சிறுவாணியில்தானே தொடங்க வேண்டும்? உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று ஊரே பெருமையாகச் சொல்லும். அந்தச் சுவைக்குக் காரணம் மலையிலும் காட்டிலும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கெட்டிப் பாறைகள் எளிதில் கரைவதில்லை. சோலைக்காட்டு மண்ணில் ஊறி, அந்தப் பாறைமேல் வழிந்துவரும் மழைநீரில் உப்பு மிகக் குறைவு. அதனால்தான் கோவை வீடுகளில் "நல்ல தண்ணி" என்றால் சிறுவாணி, "உப்புத் தண்ணி" என்றால் போர் தண்ணீர் என்று பேச்சிலேயே பிரித்துவிட்டார்கள். இந்தத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுதியும் பேசியும் போராடியவர் பத்திரிகையாளர் சே.ப. நரசிம்மலு நாயுடு. அந்தக் கனவு 1920களில் கைகூட உழைத்தவர்களில் முன் நின்றவர் நகரசபைத் தலைவர் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார். ஆர்.எஸ். புரத்தின் 'ஆர்.எஸ்.' அவர்தான்! இன்றைய அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத்தான் தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது.

அந்த மலையில் பெரும்பாலும் மனிதக் குடியிருப்பு இல்லை, சாக்கடை இல்லை. அந்தக் காடுதான் கோவையின் முதல் சுத்திகரிப்பு நிலையம். இலைச்சருகிலும் மண்ணிலும் ஓடைக் கற்களிலும் படர்ந்திருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அங்கே சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கின்றன. மழை பொய்க்கும்போதுதான் அதன் அருமை தெரியும். 2017 வறட்சியில் சிறுவாணி அணை அடிமட்டத்துக்கு இறங்கியதை நேரில் அனுபவித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பவானி ஆற்றின் பில்லூர்க் குடிநீர்த் திட்டங்கள் இல்லையென்றால் அன்று நகரம் என்ன ஆகியிருக்கும்!

மணலுக்கு உயிர் உண்டா?

ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் அடுத்தடுத்து ஹாம்பர்க், அல்டோனா என்று இரண்டு ஊர்கள் இருந்தன. 1892ல் ஹாம்பர்க்கில் காலரா வெடித்தது. சில வாரங்களில் சுமார் 8,600 பேர் மாண்டார்கள். ஒட்டியே இருந்த அல்டோனாவில் சாவு மிகக் குறைவு! சில தெருக்களில் ஒரு சாரியில் பிணங்கள், எதிர்ச்சாரியில் நலமான மக்கள். இத்தனைக்கும் அல்டோனா ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர். ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த தண்ணீரைத்தான் எடுத்தது. வித்தியாசம் ஒன்றே ஒன்று. அல்டோனா தன் தண்ணீரை மணல் படுகையில் மெதுவாக வடித்துக் குடித்தது, ஹாம்பர்க் அப்படியே குடித்தது.

மணல் அழுக்கை மட்டும்தானே வடிக்கும், கிருமியை எப்படி நிறுத்தியது? சில வாரம் தண்ணீர் ஓடியதும் மணலின் மேல்பரப்பில் வழுவழுவென்று ஒரு தோல் படியும். பாக்டீரியா, பாசி, ஒற்றைச் செல் உயிர்கள், நுண்புழுக்கள் எல்லாம் கூடி வாழும் குடியிருப்பு அது. வரும் காலராக் கிருமியை அங்கே பலரும் பிடித்துத் தின்றுவிடுகிறார்கள்! அதாவது மணல் வெறும் வீடு. சுத்தம் செய்வது வீட்டில் குடியிருப்பவர்கள். மணலைப் புதிதாகக் கொட்டிய முதல் நாளில் அது அவ்வளவாக வேலை செய்யாது. தோல் முதிர முதிரத்தான் தண்ணீர் தெளியும். சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1914ல் தொடங்கிய நீரேற்று நிலையத்தில் அமைத்ததும் இதே வகை மெதுமணல் வடிகட்டிகளைத்தான். மின்சாரம் அதிகம் கேட்காத, ரசாயனம் கேட்காத இந்தப் பழைய முறையை, மின்வெட்டும் வெள்ளமும் கூடிவரும் இந்தக் காலத்துக்கு ஏற்றது என்று உலகெங்கும் மறுபடி கையில் எடுக்கிறார்கள்.

குழாய்க்குள் ஒரு நகரம்

இப்போது நான் சொல்லப் போவதுதான் என்னை ரொம்பவும் வியக்க வைத்த சங்கதி. அணையில் சுத்தம், சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்தம், மேல்நிலைத் தொட்டியிலும் சுத்தம். அங்கிருந்து உங்கள் வீட்டுக் குழாய் வரை வரும் வழியில் என்ன நடக்கிறது?

தெருவுக்கு அடியில் ஓடும் குழாயின் உட்சுவரை விரலால் தொட முடிந்தால் வழுக்கும். அங்கே பாக்டீரியாக்கள் தாங்களே சுரந்த பசைக்குள் அடுக்கடுக்காக வீடு கட்டி வாழ்கின்றன. குழாய் அமைப்பிலுள்ள மொத்த நுண்ணுயிர்களில் 100க்கு 95 இந்தச் சுவர்ப் பசையில்தான் இருக்கின்றன, ஓடும் தண்ணீரில் மிச்சம் 5 மட்டுமே என்று ஆய்வுகள் சொல்கின்றன! தண்ணீரை மட்டும் எடுத்துச் சோதிப்பது, ஊரை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களை மட்டும் எண்ணுவது போல. இந்தப் பசை நல்லதா கெட்டதா? இரண்டும்தான். நிதானமாக, தொடர்ந்து தண்ணீர் ஓடும் குழாயில் நல்ல உயிர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு, புதிதாக வரும் கெட்ட கிருமிக்கு இடம் தருவதில்லை. ஆனால் குழாய் காய்ந்து, பிறகு திடீரென்று தண்ணீர் பாய்ந்தால் பசை பிய்ந்து அப்படியே உங்கள் குடத்துக்கு வரும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்ணீர் நிற்கும்போது குழாய்க்குள் அழுத்தம் இறங்கிவிடும். மண்ணுக்கடியில் ஒரு சிறு விரிசல், அதன் பக்கத்தில் கசியும் ஒரு சாக்கடை. போதும், வெளியில் இருப்பதைக் குழாய் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்! தண்ணீர் நிரம்பி அழுத்தத்தோடு இருக்கும் குழாயில் விரிசல் இருந்தால் நல்ல தண்ணீர் வெளியே கசியும். காலியான குழாயில் அதே விரிசல் வழியாகக் கெட்ட தண்ணீர் உள்ளே வரும்.

இதை அளந்து காட்டிய ஊர் எது தெரியுமா? நம் பக்கத்து மாநிலத்தின் ஹூப்ளி–தார்வாட். அங்கே ஒரே ஊரில் சில வார்டுகளில் 24 மணி நேரமும் தண்ணீர், மற்ற வார்டுகளில் சில நாளுக்கு ஒருமுறை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எமிலி கும்பெல், காரா நெல்சன் இருவரும் வீட்டுக் குழாய்களில் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். விட்டுவிட்டு வரும் தண்ணீரில் 100 மாதிரிக்கு 30க்கும் மேல் ஈ.கோலை! தொடர்ந்து வரும் தண்ணீரில் 100க்கு ஒன்றுகூட இல்லை! அதே ஆறு, அதே ஊர்தான். மாறியது குழாய் நிரம்பியிருந்ததா, காலியாகக் கிடந்ததா என்பது மட்டுமே. அவர்கள் கண்ட இன்னொன்றும் உண்டு. நிறுத்தித் திறந்ததும் முதலில் வரும் தண்ணீரில்தான் கலங்கலும் கிருமியும் அதிகம்.

வாரத்துக்கு ஒருமுறை, சில பகுதிகளில் பத்து நாளுக்கு ஒருமுறை என்று தண்ணீர் பார்த்துப் பழகிய கோவைக்காரர்களுக்கு இது வெளியூர்ச் செய்தியா? 2018ல் கோவை மாநகராட்சி 24 மணி நேரக் குடிநீருக்காக வெளிநாட்டு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டபோது ஊரில் பெரிய விவாதமே நடந்தது. யார் நடத்துவது, எவ்வளவு கட்டணம் என்ற கேள்விகள் நியாயமானவை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் குழாய் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும் என்பதைச் சொகுசுக்கான ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. நுண்ணுயிரியல் அதை உயிர் காக்கும் விஷயமாகவே பார்க்கிறது.

கருப்பாக மாறும் சின்னப் பாட்டில்

நம் வீட்டுத் தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறதா என்று அறிய லட்ச ரூபாய் ஆய்வகம் வேண்டுமா? வேண்டாம்! 1982ல் குவாலியரின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் கே.எஸ். மஞ்சாவும் சக ஆய்வாளர்களும் ஒரு எளிய சோதனையை உருவாக்கி, உலக சுகாதார அமைப்பின் இதழில் எழுதினார்கள். ஊட்டச்சத்தும் இரும்பு உப்பும் ஊறவைத்த காகிதத் துண்டு ஒன்று பாட்டிலுக்குள் இருக்கும். அதில் தண்ணீரை ஊற்றி மூடி, நம் ஊர் வெப்பத்தில் ஓர் இரவு வைத்தால் போதும். மலத்தோடு வரும் சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை உண்டாக்கும். அது இரும்போடு சேர்ந்ததும் பாட்டில் கன்னங்கரேல் என்று ஆகிவிடும்! இன்குபேட்டரும் வேண்டாம், மைக்ரோஸ்கோப்பும் வேண்டாம். இன்று பல நாடுகளில் கிராமத்துப் பெண்கள் கையில் இருக்கும் இந்த எச்2எஸ் பாட்டில் இந்தியாவில் பிறந்தது. 2019ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தர வேண்டும் என்று வைத்ததும் இந்தப் பாதையில்தான்.

ஆனால் ஒரு குறை. பாட்டில் கருத்தால் மலம் கலந்தது என்று தெரியும், யாருடைய மலம் என்று தெரியாது. காங்கேயம் மாடுகள் தண்ணீர் குடிக்கும் குளத்தில் சாணம் கலந்ததா, மனிதச் சாக்கடை கலந்ததா? 2014ல் ஆய்வாளர்கள் மனிதக் குடலின் மரபணுத் தரவைக் கணினியில் கோத்துப் பார்த்தபோது, அதுவரை யாரும் அறியாத ஒரு வைரஸ் வெளிப்பட்டது. கிராஸ்ஃபேஜ் என்று பெயர் வைத்தார்கள். உலக மக்களில் பெரும்பாலோர் குடலில் அது இருந்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை! நம்மைத் தாக்காது, நம் குடல் பாக்டீரியாவைத்தான் தாக்கும். மாட்டுச் சாணத்தில் மிக அரிது. அதனால் இன்று குளத்தில் கலந்தது மனிதச் சாக்கடைதானா என்று காட்டிக்கொடுக்க அந்த வைரஸைத்தான் தேடுகிறார்கள்.

உக்கடத்தின் பசிகொண்ட படை

கோவை உக்கடம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு ஒரு நாளைக்கு 7 கோடி லிட்டர். அந்த அழுக்கைச் சுத்தம் செய்வது எந்திரம் என்றுதானே நினைக்கிறோம்? எந்திரம் காற்றை மட்டும் ஊதுகிறது. தின்று தீர்ப்பது பாக்டீரியாக்கள். தொட்டியில் சாக்கடை நிரம்பும், காற்று ஊதும், பாக்டீரியாக்கள் பசி தீரத் தின்னும். பிறகு காற்றை நிறுத்தினால் தின்று கொழுத்த கூட்டம் கட்டி கட்டியாக அடியில் படியும். மேலே தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் படிந்த படையையே அடுத்த பந்திக்கு உட்கார வைப்பார்கள்.

இதைக் கண்டுபிடித்தது 1914ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் இருவரும். முதல்முறை பாட்டிலில் சாக்கடை நீரை ஊற்றிக் காற்றை ஊதினார்கள். சுத்தமாக ஐந்து வாரம் ஆனது. அடியில் படிந்த சேற்றைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு புதுச் சாக்கடையை ஊற்றினார்கள். வேகம் கூடியது. மறுபடி மறுபடி செய்ததில் ஐந்து வாரம் ஒரே நாளாகச் சுருங்கியது! எல்லோரும் வாரிக் கொட்டிய சேறுதான் அதில் பொக்கிஷம். நிரப்பு, ஊது, படியவிடு, வடி என்று அவர்கள் செய்த அதே வரிசையைத்தான் இன்று உக்கடத்தில் கணினி நிமிடக் கணக்காக ஓட்டுகிறது. இவர்களுக்கு வழிகாட்டிய பேராசிரியர் கில்பர்ட் ஃபவுலர் 1916ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கே வந்து சேர்ந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன கோவைக்கு இன்னொரு சேதி. இப்படிப்பட்ட நிலையங்களின் மின்கட்டணத்தில் ஏறக்குறைய பாதி அந்தக் காற்று ஊதும் மோட்டார்களுக்கே போகிறது. இதைக் குறைக்க வழி உண்டா? உண்டு, அதுவும் ஒரு பாக்டீரியாதான்! சாக்கடையின் அம்மோனியாவைத் தின்ன ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும் என்றுதான் நூறாண்டு நம்பினார்கள். ஆக்சிஜனே இல்லாமல் அம்மோனியாவைத் தின்று நைட்ரஜன் வாயுவாக விடும் உயிர் இருக்க வேண்டும் என்று 1977ல் ஆஸ்திரிய வேதியியலர் எங்கல்பெர்ட் ப்ரோடா கணக்குப் போட்டுச் சொன்னார். 1990களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் அது கிடைத்தே விட்டது. அதன் பெயர் அனமாக்ஸ். 2002ல் ரோட்டர்டாமில் முதல் முழு அளவு நிலையம் ஓடத் தொடங்கியது. மிக மெதுவாக வளரும் உயிர் அது. ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிக்கும், இதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். பொறுமை உள்ளவனுக்கே பயன் தரும்.

சரி, சாக்கடை இணைப்பே இல்லாத புறநகர் வீடுகள்? அங்கே உங்கள் வீட்டு செப்டிக் டேங்க்தான் சுத்திகரிப்பு நிலையம். அதற்குள்ளும் காற்றில்லாமல் வாழும் ஒரு படை வேலை செய்கிறது. ஆசிட்டையும் பினாயிலையும் லிட்டர் லிட்டராக ஊற்றினால் அந்தப் படை செத்துப்போகும், டேங்க் சீக்கிரம் நிறையும். டேங்கில் சேரும் சேற்றை அள்ளி எங்கே கொண்டுபோவது? அதற்கு வழி காண 2015ல் தொடங்கிய தமிழ்நாடு நகர்ப்புறத் துப்புரவுத் திட்டம், திருச்சியோடு சேர்த்து முன்மாதிரியாக எடுத்துக்கொண்ட ஊர்கள் எவை தெரியுமா? நம் பெரியநாயக்கன்பாளையமும் நரசிம்மநாயக்கன்பாளையமும்!

நொய்யலின் நிறம்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யல், திருப்பூரைத் தாண்டும்போது என்ன நிறம் எடுத்தது என்பது கொங்கு நாட்டுக்கே ஆறாத புண். 1992ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவைத் தேக்கும் குட்டையானது. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

அந்தச் சாயத்தைத் தின்னும் பாக்டீரியா உண்டா? உண்டு! ஆனால் ஒன்றால் முடியாது, இரண்டு ஷிப்ட் வேண்டும். துணியில் தோய்த்தால் வெயிலுக்கும் சோப்புக்கும் போகக் கூடாது என்று செய்த சாயம் சாதாரண பாக்டீரியாவுக்குப் போகுமா? முதல் ஷிப்டில் காற்றில்லாத தொட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அசோ வகைச் சாயத்தின் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பை உடைக்கும். நிறம் போய்விடும். இனிச் சுத்தம் என்று ஏமாந்துவிடக் கூடாது. உடைந்த துண்டுகளில் சில சாயத்தைவிட நஞ்சானவை! இரண்டாவது ஷிப்டில் காற்றோட்டமான தொட்டியில் வேறு கூட்டம் வந்து அவற்றைத் தின்று முடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதெல்லாம் நல்ல தண்ணீர் இல்லை என்று இதைவிடக் கூர்மையாக யார் சொல்ல முடியும்? நுண்ணுயிருக்கும் எல்லை உண்டு. சாயக்கழிவிலுள்ள உப்பை எந்த பாக்டீரியாவாலும் தின்று தீர்க்க முடியாது. அதனால்தான் உயிரிச் சுத்திகரிப்புக்குப் பிறகு ஆர்.ஓ. சவ்வும் ஆவியாக்கும் கலன்களும் வைத்து, ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகக் கூடாது என்ற விதிக்குத் திருப்பூர் வந்து சேர்ந்தது.

வெயில் ஏறினால் யாருக்குக் கொண்டாட்டம்?

குளத்தில் பச்சைப் பெயின்ட் ஊற்றியது போல் படர்வதைப் பார்த்திருப்பீர்கள். நீலப்பச்சைப் பாக்டீரியா அது. 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமிக்கு ஆக்சிஜனைத் தந்த பரம்பரை! ஆனால் சாக்கடையின் சத்தும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் அதில் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஏரித் தண்ணீரில் அந்த நஞ்சு வந்து, லட்சக்கணக்கான மக்கள் மூன்று நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவில்லை. கொதிக்க வைத்தால் சரியாகிவிடாதா? ஆகாது! தண்ணீர் ஆவியாக, நஞ்சின் செறிவு கூடும். நம் உக்கடம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளங்களில் நேராக யாரும் குடிப்பதில்லைதான். ஆனால் அவைதான் நம் நிலத்தடி நீரின் வாய். சாக்கடையை அங்கே போகவிட்டுவிட்டு ஆகாயத்தாமரையை மட்டும் வாரிக்கொண்டிருந்தால் தீராது.

வெதுவெதுப்பை விரும்பும் இன்னொன்றும் உண்டு. நெக்லேரியா ஃபவுலெரி என்ற அமீபா. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கேரளத்தில் 2024லும் 2025லும் மூளைக்காய்ச்சலால் உயிர்களை எடுத்தது. அது தண்ணீரைக் குடித்தால் வராது, மூக்கில் ஏறினால்தான் மூளைக்குப் போகும். 40 டிகிரியைத் தாண்டிய வெந்நீரும் அதற்கு இதம். குளோரின் இருந்தால் ஒடுங்கிவிடும். ஆனால் வெயில் ஏற ஏறக் குளோரினும் வேகமாகத் தேயும் என்பதுதான் சங்கடம். மொட்டை மாடியில் கருப்புத் தொட்டியில் கொதிக்கும் ஏப்ரல் தண்ணீரில் காலையில் போட்ட குளோரின் மாலைக்குத் தங்குமா? மழை வந்தால் வேறு சிக்கல். வெள்ளத்தின் சேறு குளோரினைத் தின்றுவிடும். சேற்றுத் துகளுக்குள் ஒளியும் கிருமி தப்பிவிடும். வறட்சியில் ஓடை சுருங்கும், சாக்கடை மட்டும் சுருங்காது. பருவம் தப்பும் ஒவ்வொரு முறையும் தண்ணீருக்குள் ஆளும் கட்சி மாறுகிறது. அதனால்தான் இன்றைய நீர்ப் பொறியாளருக்கு மழைமானியோடு நுண்ணுயிர்க் கணக்கும் வேண்டியிருக்கிறது.

பாட்டி செய்ததற்கு ஆய்வகச் சாட்சி

'சொம்பு' என்ற சொல் 'செம்பு' என்ற உலோகத்திலிருந்தே வந்தது. அந்தச் செம்புக்குள் என்ன நடக்கிறது? பெங்களூருவில் பத்மா வெங்கடசுப்ரமணியன் குழுவினர் 2012ல் வெளியிட்ட ஆய்வில், காலரா, டைபாய்டு, சீதபேதிக் கிருமிகளைக் கலந்த தண்ணீரைச் செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு தேடியபோது ஒரு கிருமியையும் வளர்த்தெடுக்க முடியவில்லை! கரைந்த செம்பின் அளவும் பாதுகாப்பான வரம்புக்குள்ளேயே இருந்தது.

குழாய் வாயில் பழைய வேட்டித் துணி கட்டி வடிப்பார்களே, அது? வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் ரீட்டா கோல்வெல் குழுவினர் பழைய சேலையை நான்கு மடிப்பாக மடித்துக் குளத்து நீரை வடிக்கச் சொன்னார்கள். காலரா 48 சதவீதம் குறைந்தது. கிருமி துணியின் ஓட்டையைவிட எவ்வளவோ சிறியதாயிற்றே? ஆம். ஆனால் காலராக் கிருமி தண்ணீர்ப் பூச்சிகளின் உடம்பில் ஒட்டிக்கொண்டு சவாரி செய்கிறது. வண்டியைத் துணி பிடித்துக்கொண்டது! புதுச் சேலையைவிடத் துவைத்துத் துவைத்து நூல் பிரிந்த பழைய சேலைதான் நன்றாகப் பிடித்ததாம்.

அரவக்குறிச்சியும் மூலனூரும் முருங்கைக்குப் பேர்போனவை. முருங்கை விதைப் புரதம் கலங்கலை இழுத்துப் படிய வைக்கும், கிருமியின் தோலையும் குலைக்கும். 1970களில் சூடானில் நைல் நதிக்கரைப் பெண்கள் இதைச் செய்வதைக் கண்டு உலகுக்குச் சொன்னவர் சாமியா அல் அசாரியா யான். நம் தேத்தாங்கொட்டையும் இதே வழிதான். ஒரு எச்சரிக்கை வேண்டும். விதையின் மிச்சச் சத்து தண்ணீரில் கிடந்தால் மறுநாள் பாக்டீரியாவுக்கு அதுவே விருந்து. அன்றைக்குத் தெளிய வைத்ததை அன்றைக்கே காய்ச்சிக் குடிக்க வேண்டும்.

சாக்கடை சொல்லும் ஜாதகம்

ஊரில் யாருக்கும் இருமல் வருமுன், காய்ச்சல் வருமுன், நோய் வந்துவிட்டது என்று முதலில் அறிவது எது தெரியுமா? சாக்கடை! மும்பையில் 2001 முதல் சாக்கடை நீரில் போலியோ வைரஸைத் தேடுகிறார்கள். 2011 ஜனவரியோடு நாட்டில் இயற்கையாகப் பரவும் போலியோ நோய் நின்ற பிறகும் அந்தக் காவல் தொடர்கிறது. வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் டைபாய்டுக் கிருமியின் மரபணுவைச் சாக்கடையில் தேடிப் பழகினார்கள். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்தால்தான் கணக்கில் ஏறுவார். ஆனால் கழிப்பறை எல்லோருடைய கணக்கையும் வைத்திருக்கிறது. ஒவ்வொரு பெரிய நகரத்துக்கும் இந்தக் கணக்கு வாராவாரம் வேண்டும், கோவைக்கும் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வேளாண் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் ஒரே ஊரில் கூடியிருக்கும் இடம் இது. ஆளுக்கும் அறிவுக்கும் இங்கே பஞ்சமில்லை.

அதுவரை நம் வீட்டில் நாமே செய்யக்கூடியவை உண்டு. பல நாள் கழித்துத் தண்ணீர் வரும் தினத்தில் முதல் சில குடங்களைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். செடிக்கும் தரை கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நாற்றமோ கலங்கலோ தெரிந்தால் அன்றே மாநகராட்சியில் புகார் எழுதுங்கள், பக்கத்து வீட்டாரையும் எழுதச் சொல்லுங்கள். வாய்க்கும் குழந்தைக்கும் போகும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். கடைசியாகத் தரைத் தொட்டியையும் மாடித் தொட்டியையும் கழுவிய தேதி நினைவிருக்கிறதா? இல்லையென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கழுவிவிட்டு, தேதியைத் தொட்டி மூடியிலேயே எழுதி வையுங்கள்.